பேசினால் வரும் கோடு

‘கருவி காணப்படவில்லை’ என்றது கம்ப்யூட்டர் திரை, பதினோராவது தடவையாக.

ஆன்டெனா பென்சிலை எடுத்து நோட்டில் எழுதினான்: ‘காணலைன்னா போலீஸ்ல ஒரு புகார் கொடுத்துடலாமா அண்ணி?’

பூதக்கண்ணாடி அதைப் படித்தாள். சிரிக்கவில்லை. பென்சிலைப் பிடுங்கி அடியில் எழுதினாள்: ‘மணி பன்னெண்டு. நாலு மணிக்கு அந்தப் பொண்ணு வந்துடும்.’

ஒட்டுக்கேட்கும் கருவியைத் தேடும் அறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஏழு வருடத் துப்பறியும் தொழிலில் அவள் ஒருநாளும் மீறாத விதி அது. தேடுகிறார்கள் என்று தெரிந்தால் கேட்கிறவன் உஷாராகிவிடுவான். அதனால் அறைக்குள் எல்லாமே எழுத்தில்தான். கேள்வி, பதில், திட்டு, கிண்டல் எல்லாம் அந்த நோட்டுக்குள்ளேயே நடக்கும்.

மூக்கில் ஏறி பாதி முகத்தை மறைக்கும் கண்ணாடிக்காகத் தெருவே சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஆன்டெனா அவளுடைய கணவரின் தம்பி. ஆறடி இரண்டங்குலம். உச்சியில் எந்த எண்ணெய்க்கும் படியாத ஒரு கற்றை முடி. முன்பு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். இப்போது அண்ணியிடம் உதவியாளன். சம்பளத்தைவிட அதிகமாகப் பேசுகிறான் என்பது அவள் புகார். பேச்சுக்குத் தகுந்த சம்பளம் இல்லை என்பது அவன் புகார்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் காணவில்லை என்று அடம்பிடித்தது அதை அல்ல, அதைத் தேடிப் பிடிக்க வேண்டிய ரேடியோவை. கட்டைவிரல் அளவுதான். ஒரு முனை கம்ப்யூட்டரில் செருக வேண்டியது, மறுமுனையில் ஏரியல் கம்பி. பழைய ரேடியோ போலத் திருகாணி, முள் எதுவும் கிடையாது. காற்றில் வருவதையெல்லாம் அது அள்ளிக் கொடுக்கும். பிரித்துக் காட்டுவது கம்ப்யூட்டரின் வேலை. கறுப்பும் நீலமுமாக மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும் திரையில், அக்கம்பக்கத்தில் யாராவது ஒலிபரப்பினால் அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு இறங்கும். ஆன்டெனா அதை ‘அருவி’ என்பான். அறைக்குள்ளேயே ஒரு கருவி பேசிக்கொண்டிருந்தால், அருவியில் அது அகப்பட்டே ஆகவேண்டும்.

அருவி விழுந்தால்தானே அகப்படுவதற்கு!

அவன் கருவியைப் பிடுங்கினான், ஊதினான், அடுத்த துளையில் செருகினான். பன்னிரண்டாவது தடவை திரை என்ன நினைத்ததோ, அருவி விழ ஆரம்பித்தது. ஆன்டெனா இரண்டு கைகளையும் மேலே தூக்கிச் சத்தமில்லாமல் ஆடினான்.

பூதக்கண்ணாடிக்கு ஆட நேரமில்லை. எதிரே, மேஜைக்கு அந்தப் பக்கம், அந்த அறைக்குச் சொந்தக்காரரான வக்கீலம்மா நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நேற்று மாலை பூதக்கண்ணாடியின் ஆபீசுக்கு வந்து விஷயத்தைச் சொன்னவர் அவர்தான். அவருடைய கட்சிக்காரி ஒரு நர்ஸ். ஆறு வயதுப் பெண் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கணவன் மேல் வழக்குப் போட்டிருக்கிறாள். இதுவரை இரண்டு சாட்சிகள்: அடுத்த வீட்டுப் பெண்மணி ஒருத்தி, பள்ளி வேன் டிரைவர் ஒருவர். இரண்டு பெயரையும் நர்ஸ் சொன்னது இந்த அறையில், வக்கீலம்மாவிடம் மட்டும். இரண்டு தடவையும் மறுநாளே கணவனுடைய ஆட்கள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். இரண்டு பேருமே ‘எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அந்தப் பெயரை நாளைக் காலை பத்தரைக்குள் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். நர்ஸ் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"எங்கிட்டகூட சொல்ல மாட்டேங்கறா," என்றிருந்தார் வக்கீலம்மா. "‘நாம ரெண்டு பேர் மட்டும் பேசினது எப்படி வெளியில போச்சு மேடம்? நான் சொல்லலைன்னா வேற யாரு?’ன்னு கேக்கறா. நாளைக்கு நாலு மணிக்கு வருவா. அதுக்குள்ள நான் பதில் சொல்லணும். இல்லன்னா புருஷன் அனுப்பின சமரசப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடுவாளாம். குழந்தை அவன்கிட்ட. இவளுக்கு மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை."

அந்த ‘ரெண்டு ஞாயித்துக்கிழமை’ நேற்றிலிருந்து பூதக்கண்ணாடியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

திரையின் நடுவே ஒரு கோடு பளிச்சென்று நின்றது. அவள் துள்ளி அதைத் தொட்டுக் காட்டினாள். ஆன்டெனா அலைவரிசையை இடப்பக்கம் நகர்த்தினான். கோடு நடுவிலேயே நின்றது. வலப்பக்கம் நகர்த்தினான். அப்போதும் நடுவிலேயே நின்றது.

‘இது பிறவி மச்சம்,’ என்று எழுதினான். ‘வெளியிலேர்ந்து வரலை. இந்த ரேடியோவோட உடம்புலயே இருக்கு. எங்க போனாலும் கூடவே வரும்.’

‘உன்னை மாதிரி,’ என்று எழுதினாள்.

சற்று நேரத்தில் சீப்புப் பல் போல வரிசையாக இருபது முப்பது கோடுகள் வந்தன. ஆன்டெனா தாடையைச் சொறிந்தான். குனிந்து, மேஜைக்கடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து தன் கம்ப்யூட்டர் சார்ஜரை உருவினான். சீப்பு மறைந்தது. மலிவு சார்ஜர், தான் இருக்கும் இடமெல்லாம் இரைச்சல் போடும் என்று எழுதிக் காட்டினான். இனி பேட்டரிதான். அறுபத்திரண்டு சதவீதம்.

பிறகு அருவி சுத்தமாக ஓடியது. ஒரு மணி நேரம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒவ்வொரு வரிசையாகத் தேடினார்கள். ஊர் ரேடியோ நிலையங்கள் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றைத் தவிர ஒன்றுமில்லை. வக்கீலம்மா சைகையால் ‘என்ன?’ என்று கேட்பார். பூதக்கண்ணாடி தலையை ஆட்டுவாள். அவர் அடுத்த விரலின் நகத்துக்குப் போவார். கடைசியில் கடிக்க நகம் தீர்ந்துபோய், முன்னறையில் குமாஸ்தா டைப் அடிப்பதை மேற்பார்க்கப் போய்விட்டார்.

ஒன்றேகாலுக்கு பூதக்கண்ணாடி எழுதினாள்: ‘ஏரியல் கேபிள்ல லூஸ் இருக்குன்னு போன வாரமே சொன்னேன். மாத்தினியா?’

ஆன்டெனா அரைப் பக்கத்துக்குப் பதில் எழுத ஆரம்பித்தான். பாதியில் பென்சில் முனை ஒடிந்தது.

அதோடு ஏழு வருட விதியும் ஒடிந்தது.

"மாத்தலைன்னு ஒரு வார்த்தை எழுதறதுக்கு என்னடா அவ்வளவு பெரிய கட்டுரை?"

"கடைக்குப் போக வண்டியை எடுத்தா பெட்ரோல் இல்ல. வண்டி யாருது? உங்களுது!"

"பெட்ரோலைக் காலி பண்ணது யாரு?"

"அண்ணி… அண்ணி, திரையைப் பாருங்க!"

அருவி பற்றி எரிந்துகொண்டிருந்தது. நீலம் போய்த் திரை முழுக்க மஞ்சளும் சிவப்பும். ஒரு கோடல்ல, நூறு கோடுகள். எங்கோ இருக்க வேண்டிய ரேடியோ நிலையத்தின் பாட்டு நாலு இடத்தில் நாலு பிசாசாக நின்றது. இருவரும் வாயடைத்துக் குனிந்து பார்த்தார்கள்.

நாலு நொடி. எல்லாம் மறைந்து அருவி பழையபடி நீலமானது.

‘ப்ரோக்ராம் கோளாறு,’ என்று பேனாவால் எழுதினான் ஆன்டெனா. அதை அழித்துத் திரும்ப ஏற்ற இருபது நிமிடம். ஏற்றி முடித்து, அரைமணி நேரம் மௌனமாகப் பார்த்தார்கள். சுத்தம். ‘சரியாயிடுச்சு’ என்று எழுதி அவன் பெருமையோடு சாய்ந்த நேரம், வக்கீலம்மா கதவைத் திறந்து, பொறுக்க முடியாமல் வாய்விட்டே கேட்டுவிட்டார். "ஏங்க, மணி ரெண்டே கால். ஏதாவது கிடைச்சுதா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

திரை மறுபடியும் எரிந்தது. அவர் கதவை அறைந்துவிட்டுப் போனதும் அணைந்தது.

‘கேபிள்தான்,’ என்று எழுதினான் ஆன்டெனா. கதவு அதிர்ந்ததில் ஆடியிருக்கும் என்பது அவன் எண்ணம். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஆட்டி ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ரேடியோ சூடாகிவிட்டது என்று எழுதினான் அடுத்து. அதை மேஜை விசிறிக்கு முன்னால் வைத்துக் காய்ச்சல்காரக் குழந்தையைப் போலப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஆறியது. ஒன்றும் வரவில்லை.

"வரணும்னு காத்திருந்தா வரமாட்டேங்குது," என்று வெடித்தாள் அவள். "வரக்கூடாதப்ப வருது. இந்தச் சனியனை வாங்கின அன்னிக்கே தூக்கிக் குப்பையில போட்டிருக்கணும்!"

சிவப்பு. மஞ்சள். பிசாசுப் பாட்டு. நாலு நொடி. நீலம்.

பூதக்கண்ணாடி ஜன்னலோரம் போய் நின்றாள். மணி இரண்டு நாற்பது. தெருவில் ஒருவன் சாவதானமாகக் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உலகத்தில் சிலருக்கு இப்படியும் வேலை அமைகிறது. தனக்கு மட்டும் ஏன் கட்டைவிரல் அளவு இரும்போடு மல்லுக்கட்டும் பிழைப்பு? நாலு மணிக்கு அந்த நர்ஸின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? ‘மிஷின் சரியில்லைம்மா, குழந்தையை விட்டுடு’ என்றா?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கும்போதுதான் அவளுக்கு யோசனை ஓடும். சட்டென்று கை நின்றது. திரும்பி வந்து பேனாவை எடுத்தாள்.

‘கோளாறு எப்பெப்ப வந்துது?’

‘மூணு தடவை. ரெண்டு தடவை நீங்க திட்டினப்ப. ஒரு தடவை வக்கீலம்மா நம்மளைத் திட்டினப்ப. ரேடியோவுக்கு ரொம்ப இளகின மனசு.’

‘நாம வாயை மூடினதும்?’

ஆன்டெனாவின் உச்சி முடி நிமிர்ந்தது போலிருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் வக்கீலம்மாவின் அலமாரியிலிருந்து தடியாக ஒரு சட்டப் புத்தகத்தை உருவி, நடுப்பக்கத்தைப் பிரித்து, பள்ளிக்கூடத்து மாணவி போல உரக்கப் படித்தாள்.

"மேற்படி சொத்தின் கிழக்கு எல்லையில் அமைந்துள்ள பொதுச் சுவரைப் பொறுத்தவரை…"

திரை எரிந்தது.

நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நீலம்.

"…பொறுத்தவரை, இரு தரப்பினரும்…"

எரிந்தது.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோளாறே இல்லை! காலையிலிருந்து ரேடியோ ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஒளிந்திருக்கும் கருவி பேச்சுச் சத்தம் கேட்டால் மட்டும் விழித்துக்கொண்டு ஒலிபரப்புகிற ஜாதி. அறை அமைதியாக இருந்தால் நாலு நொடியில் தூங்கிவிடும். இவர்கள் இத்தனை மணி நேரமாக அதைத் தாலாட்டித் தூங்க வைத்துக்கொண்டே தேடியிருக்கிறார்கள். தன் ஏழு வருட விதியே தன் கண்ணைக் கட்டியிருக்கிறது.

போன வழக்குகளில் ‘சுத்தம்’ என்று எழுதிக் கொடுத்த அறைகள் எத்தனையோ. அந்த நினைப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள்.

‘ஆனா ஒரு கருவிக்கு ஒரு கோடுதானே வரணும்? ஏன் நூறு?’ என்று எழுதினாள்.

ஆன்டெனா நாக்கைக் கடித்துக்கொண்டான். எது பிடிபடவில்லை என்றாலும் ரேடியோவின் காதை முழுசாகத் திறந்து வைத்துவிடுவது அவன் பழக்கம். தூரத்துச் சத்தமும் தப்பாது என்பான். காதோடு வாய் வைத்து ஒருவன் கத்தினால், திறந்த காதில் எல்லாமே இரைச்சலாகத்தானே கேட்கும்? அவன் அளவைக் குறைத்தான். அவள் பொதுச் சுவரைத் தொடர்ந்து படித்தாள். பிசாசுகள் ஒவ்வொன்றாக விலகின. கடைசியில் மெல்லிய, நேரான, ஒரே ஒரு கோடு.

அவன் ஹெட்போனை அவள் காதில் வைத்தான். "இரு தரப்பினரும்" என்று அவளுடைய குரலே அரை நொடி பிந்தி அவளுக்குக் கேட்டது.

அடுத்து ஆன்டெனா செய்தது அவன் பழைய கடை நாட்களின் வித்தை. ஏரியலையே கழற்றி ஜேபியில் போட்டான். கோடு அப்படியே நின்றது. காதை அறுத்த பிறகும் கேட்கிறது என்றால், கத்துகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான்.

ஆனால் தேட வேண்டுமானால் பேசிக்கொண்டே தேட வேண்டும். கேட்பவன் சந்தேகப்படாத மாதிரிப் பேச வேண்டும். பூதக்கண்ணாடி நோட்டில் எழுதினாள்: ‘வீட்டுச் சண்டை போடு.’

‘இதுக்கு ஒத்திகையே வேணாம்,’ என்று எழுதிவிட்டு ஆரம்பித்தான் ஆன்டெனா, கம்ப்யூட்டரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபடி. "நேத்து அம்மாகிட்ட நான் வேலைக்கே ஒழுங்கா வர்றதில்லைன்னு போட்டுக் கொடுத்தது யாரு?"

"நான் வாரத்துல நாலு நாள் வெளியில சாப்பிடறேன்னு உங்கண்ணன்கிட்ட சொன்னது யாரு? வீட்டுல நாரதரே நீதான்!"

"அண்ணன் கேட்டான், சொன்னேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?" அலமாரிப் பக்கம் நடந்தான். கோடு மெலிந்தது. "அவன் பாவம், ராத்திரி உங்களுக்காகச் சாப்பிடாம உக்காந்திருந்தான். அது தெரியுமா உங்களுக்கு?"

அவள் ஒரு கணம் நிஜமாகவே தடுமாறினாள். "சாப்பிட்டாச்சுன்னுல்ல சொன்னார்?"

"சொல்லுவான். நீங்க கேட்டா எதைத்தான் இல்லைம்பான்?" மேஜைப் பக்கம் திரும்பினான். கோடு தடித்தது. குனிந்தான். இன்னும் தடித்தது. மண்டியிட்டான். பிசாசுகள் திரும்ப வர ஆரம்பித்தன. அவன் கண்கள் எக்ஸ்டென்ஷன் போர்டில் நின்றன.

அதில் வக்கீலம்மாவின் மேஜை விளக்கும் விசிறியும் செருகியிருந்தன. காலையில் அவனுடைய சார்ஜரும் அதில்தான் இருந்தது. இரவும் பகலும் கரண்டு கிடைக்கும் இடம். பேட்டரி மாற்ற யாரும் வர வேண்டியதில்லை. ஆன்டெனா அதைப் பிடுங்கக் கை நீட்டினான். பூதக்கண்ணாடி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

‘இது எங்கே இருக்குன்னு தெரிஞ்சுது. யார் கேக்கறாங்கன்னு தெரியலையே.’

இருவரும் முன்னறைக்கு வந்து கதவைச் சாத்தினார்கள். பூதக்கண்ணாடி வக்கீலம்மாவிடமும் குமாஸ்தாவிடமும் தணிந்த குரலில் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"மேஜைக்கடியில புதுசா ஒரு போர்டு இருக்கே, யார் வாங்கினது?"

"இவர்தான்," என்றார் வக்கீலம்மா.

"நானா?" குமாஸ்தா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். வக்கீலம்மா சொல்லிப் பதிவு செய்து கொடுப்பதைக் கேட்டு டைப் அடிப்பவர் அவர். நாள் பூராவும் அந்த ஹெட்போன் அவர் காதில்தான். "மேடம் வாங்கினாங்கன்னுல்ல நெனச்சேன்! ஒரு மாசமா கிடக்கு. மேடம் கோர்ட்லேர்ந்து வர்றவரைக்கும் ரூம் திறந்தேதான் இருக்கும்."

வந்த புதுப் போர்டை யாரும் கேள்வி கேட்கவில்லை. பிளக் குத்த இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஆளுக்கு ஒன்றைச் செருகிவிட்டார்கள்.

"குமாஸ்தாதான் அண்ணி," என்றான் ஆன்டெனா, படிக்கட்டுப் பக்கம் அவளை இழுத்துப் போய். "இத்தனூண்டு கருவிக்கு நூறடிக்கு மேல வீச்சு கிடையாது. கேக்கறவன் பக்கத்துலயே இருக்கணும். நாள் முழுக்க ஹெட்போனோட உக்காந்திருக்கறது யாரு? கேஸ் முடிஞ்சுது."

"அவ்வளவு சுலபமா முடிஞ்சா சந்தேகமா இருக்கு," என்றாள். காலையிலிருந்து எதுவுமே சுலபமாக முடியவில்லை.

மூன்றரைக்கு நர்ஸ் வந்துவிட்டாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சமரசப் பத்திரத்தின் பழுப்பு உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எப்போதும் போல அவளைக் காரில் கொண்டுவந்துவிட்ட அவள் அண்ணன், எப்போதும் போல அவளோடு முன்னறை பெஞ்சில் உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகிக் கண்ணை மூடிக்கொண்டார். கட்சிக்காரியைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை என்பது வக்கீலம்மாவின் கண்டிப்பு. பெயர்களை அண்ணனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று நர்ஸிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

ஆக, வக்கீலம்மாவைத் தவிர முன்னறையில் மூன்று பேர். குமாஸ்தா, நர்ஸ், அண்ணன்.

பூதக்கண்ணாடி உள்ளே போய், கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இடுக்கில் கண்ணை வைத்தாள். ஆன்டெனாவுக்குச் சைகை காட்டினாள். அவன் மேஜைக்கடியில் தலையை நுழைத்து, போர்டுக்கு முன்னால், ஆனால் கதவைத் தாண்டாத தணிந்த குரலில் பேசினான்.

"அண்ணி, ஒரு தப்பு நடந்துபோச்சு. வெளியில ஹால்ல பெஞ்சு, நாற்காலி எல்லாத்துக்கும் மத்தியானம்தான் வார்னிஷ் அடிச்சாங்களாம். இன்னும் காயவே இல்லையாம். பாவம், உக்காந்தவங்க துணி என்னத்துக்கு ஆகும்?"

குமாஸ்தா டைப் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.

நர்ஸ் உறையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

அவள் அண்ணன் கண்ணைத் திறந்தார். மெல்ல எழுந்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்பக்கம் கால்சட்டையை உள்ளங்கையால் தடவி, அந்தக் கையை முகர்ந்து பார்த்தார்.

மேஜைக்கடியிலிருந்து தலையை எடுத்த ஆன்டெனா, அண்ணியின் முகத்தைப் பார்த்து, கேலி செய்யத் திறந்த வாயை மூடிக்கொண்டான். அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை.

இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

எழுதித்தான் சொன்னாள். நாலு மணிக்கு வக்கீலம்மாவோடு நர்ஸ் உள்ளே வந்ததும், உதட்டில் விரலை வைத்து, நோட்டை அவள் முன்னால் நகர்த்தினாள். போர்டு. நூறடி. வார்னிஷ். எழுந்தவர் யார் என்ற கடைசி வரி.

நர்ஸ் இரண்டு தடவை படித்தாள். கதறுவாள் என்று பூதக்கண்ணாடி தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துவைத்திருந்தாள். அவள் கதறவில்லை. பேனாவுக்குக் கை நீட்டி, அந்தக் கடைசி வரிக்கு அடியில் எழுதினாள்:

‘மூணாவது சாட்சி அவன்தான்.’

வக்கீலம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஆன்டெனா நோட்டை ஒருமுறை தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தான்.

வழக்கு முடிந்துவிட்டது, இப்போதுதான் நிஜமாக முடிந்தது என்று பூதக்கண்ணாடிக்குத் தோன்றியது. கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? திருடன் அகப்பட்டான், அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நர்ஸ் உறையை மேஜைமேல் வைத்தாள். ‘எங்கே?’ என்று கண்ணால் கேட்டாள். பூதக்கண்ணாடி கீழே காட்டினாள். நர்ஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், நோயாளியின் கட்டிலோரம் உட்காருகிறவளைப் போல.

"அண்ணா," என்றாள்.

நீல அருவியில் கோடு எழுந்தது.

"நீ கேக்கறேன்னு தெரியும். எழுந்து போயிடாத. அந்தப் பால்கனி விஷயத்தை நான் இவங்ககிட்ட இன்னும் சொல்லலை. இப்ப உங்கிட்டதான் சொல்றேன்."

கதவின் மேல்பாதி மங்கல் கண்ணாடி. அதற்கு அப்பால் பெஞ்சில் ஓர் உருவம் நிமிர்ந்தது.

"பாப்பா மையைக் கொட்டிட்டான்னு அவர் அவளை வெளியில விட்டுப் பூட்டினாரு. மழை. ரெண்டு மணி நேரம். நான் டியூட்டியில இருந்தேன். நீதான் எதேச்சையா வந்தே. உன் சட்டையைக் கழட்டி அவளைச் சுத்தித் தூக்கிட்டு வந்தே. அவ உதடெல்லாம் நீலமா இருந்துச்சுன்னு எங்கிட்ட சொன்னது நீதான். அன்னிக்கே ‘வெளியில சொல்லாதே’ன்னு சொன்னதும் நீதான்."

ஆன்டெனாவின் கம்ப்யூட்டர் பேட்டரி நாலு சதவீதம் என்று எச்சரித்தது. யாரும் பார்க்கவில்லை.

"உன் சிநேகிதன். நீ பார்த்து வெச்ச மாப்பிள்ளை. நான் தோத்துட்டா வேற வழியில்லாம திரும்பிப் போயிடுவேன், எல்லாம் சரியாயிடும்னு நெனச்சிருப்பே. உனக்கு வெக்கம். எனக்கு மட்டும் இல்லையா? நானும்தான் சரின்னு தலையாட்டினேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "மேடம், எழுதிக்குங்க. மூணாவது சாட்சி எங்கண்ணன். வரலைன்னா அந்த உறையில கையெழுத்துப் போட்டுடறேன்."

கோடு தணிந்தது. நாலு நொடி. திரை நீலமானது.

கண்ணாடிக்கு அப்பால் அந்த உருவம் எழுந்து நின்றது. வாசல் பக்கம் திரும்பியது. இரண்டடி நடந்தது. பூதக்கண்ணாடி கதவுக்குப் பாயத் தயாரானாள். பாய்ந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலைப் பிடித்து இழுத்து யாரையும் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது.

உருவம் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு இந்தப் பக்கம் வந்தது.

கதவு திறந்தது. இயர்போன் ஒரு காதிலிருந்து தொங்கியது. தரையில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்க்க முடியாமல், அவர் வக்கீலம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"பத்தரைக்கு," என்றார் வக்கீலம்மா. "பத்து மணிக்கே வந்துடுங்க."

"இன்னிக்கு ராத்திரி மாப்பிள்ளை போன் பண்ணுவாரே, அவர்கிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி. அவள் குரலில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"பேரு கிடைக்கலைன்னு சொல்றேன்." அவர் தொங்கிய இயர்போனை உருவினார். "இன்னிக்கு உள்ள ஒரே வீட்டுச் சண்டை, வேற ஒண்ணுமே காதுல விழலைன்னு சொல்றேன்."

நர்ஸ் எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். உறையை எடுத்து, பிரிக்காமலே நான்காகக் கிழித்து, வக்கீலம்மாவின் குப்பைக் கூடையில் போட்டாள். அண்ணன் பக்கத்தில் வந்து, வழக்கம் போலக் கார் சாவியை ஜேபியிலிருந்து எடுத்தார்.

"வா, வீட்ல விட்டுடறேன். காலையிலயும் நானே வந்து கூட்டிட்டு…"

"வேண்டாம்," என்றாள் நர்ஸ். "நீ வந்து சேரு. நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."